ஏழாவது ட்ராக்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் படத்தில் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் கடைவீடு ஒன்றின் குறுகலான படிக்கட்டில் இரண்டு லோரி ஆட்கள் ஒரு பெரிய இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதி வழியில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். படியின் உச்சியில் ஐம்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி, குழந்தையை வாங்கப் போகிறவள் மாதிரி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருக்கிறாள். படத்துக்குக் கீழே அவளே எழுதியிருந்தாள்: "வந்திருச்சு டீ!"

அவள் பெயர் அமுதவள்ளி. என் கூட்டாளி, நெருங்கிய தோழி. முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்து, பிள்ளைகளைக் கரையேற்றி, போன வருடம் ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற பெண்கள் எங்கள் பக்கம் பூந்தொட்டி வைப்பார்கள், காசிக்குப் போவார்கள், காலையில் பூங்காவில் சூம்பா ஆடுவார்கள். இவள் மூன்றாம் மாடியில் அறை பிடித்து ஒலிப்பதிவுக் கூடம் வைக்கிறாள். அந்த இரும்புப் பெட்டி ஓர் எட்டு ட்ராக் ரீல் மெஷின். அரை அங்குல அகல டேப்பில் எட்டு ஒலிகளைத் தனித்தனியே, பக்கம் பக்கமாகப் பதியும் பழங்காலத்துச் சாமான். இன்றைக்குக் கைப்பேசியே அதைவிட அதிகம் செய்யும்.

இதை எதற்கு வாங்கினாய் என்று எழுதிக் கேட்டேன். (எனக்குப் பேச்சைவிட எழுத்துதான் வசதி. காரணம் பிறகு.)

"பிசினஸ்லா," என்று பதில் வந்தது.

அது பொய். இந்தக் கதையில் இரண்டு பொய்கள் இருக்கின்றன, முதலாவது அது. இரண்டாவது யாருடையது என்று இப்போதே சொன்னால் மேற்கொண்டு எழுதும் தைரியம் எனக்குப் போய்விடும்.

2

தொடக்கத்தை மூன்று தரம் எழுதிக் கெடுத்தேன். கெடுத்ததையும் பாருங்கள்.

"தொண்ணூற்று ஐந்தாம் ஆண்டு, கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், முட்டை அட்டை ஒட்டிய சுவர்களுக்கு நடுவே நான்கு இளம் உள்ளங்கள்" (உள்ளங்களாம். ஞாயிறு மலருக்கு எழுதிய கை, சும்மா இருக்குமா? அடித்தேன்.)

"ஒலி என்பது காற்றின் நினைவு. டேப் என்பது அந்த நினைவின்" (எனக்கே புரியவில்லை. அடித்தேன்.)

"அமுதவள்ளிக்கு ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஒரு ஸ்டூடியோவே கட்டினாள்."

இது பரவாயில்லை. இதிலிருந்து போகிறேன்.

3

அமுதவள்ளிக்கு ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஒரு ஸ்டூடியோவே கட்டினாள். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் விளம்பரக் குரல் பதிவு, பஜனைப் பாட்டு, இணைய வானொலி என்று சொல்லி வைத்தாள். அவள் வீட்டுக்காரர்கூட நம்பினார். நம்பாத ஒரே ஆள் ஷபீர்.

ஷபீர் கிள்ளானில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். அவருடைய அத்தாவின் ஜவுளிக்கடை மாடியில்தான் அந்தக் காலத்துப் பதிவு அறை இருந்தது. இப்போது வள்ளியின் ஸ்டூடியோவுக்கு ஒயர் இழுப்பதும் அவர்தான்.

"வள்ளி, நல்ல மைக் ஒண்ணு, கம்ப்யூட்டர் ஒண்ணு, அந்தச் சின்னப் பெட்டி ஒண்ணு. முடிஞ்சிச்சு. இந்த யானைய எதுக்குக் கட்டித் தீனி போடுறே?"

"ஒனக்குத் தெரியாதா ஷபீர்?"

அவருக்குத் தெரியும். தரையில் உட்கார்ந்து பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, மெஷினின் டேப் உரசும் பகுதியை, அதாவது ஹெட்டை, துடைக்க ஆரம்பித்தார். பஞ்சு காப்பிப் பொடி நிறத்தில் வந்தது. செராஸில் ஒரு தேவாலயத்தின் சாமான் அறையில் பதினைந்து வருடம் முடங்கிக் கிடந்த மெஷின். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை அல்வா மாதிரி இளகிப்போயிருந்தது. அதற்கு மாற்று வாங்க இரண்டு மாதம் ஆயிற்று.

ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் சுங்கை வேயில் மூடிவிட்ட விளம்பர நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தது. அதில் ஒலியைக் கூட்டிக் குறைக்க இருபத்து நான்கு தள்ளு பொத்தான்கள். நகர்த்தினால் ஐந்து கரகரத்தன. வள்ளி அந்த ஐந்தின் மேலும் ஒரு பொட்டு ஒட்டினாள், தன் நெற்றிப் பொட்டுதான். புதிதாக வாங்கியது கணினியும், ஒலியை எண்களாக்கி அதற்குள் அனுப்பும் பெட்டியும். அந்தப் பெட்டி ஒரு பிரியாணி டப்பா அளவுதான் இருந்தது. மெஷினின் முதுகிலிருந்து எட்டு ஒயர்கள் புறப்பட்டு அந்த டப்பாவுக்குள் நுழைந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைக் காகிதத்தில் எண் எழுதி ஒட்டினாள். ஏழுக்கு மட்டும் சிவப்புக் காகிதம்.

பிறகு கடைக்குப் போய் முட்டை அட்டை வாங்கி வந்தாள்.

"முட்டை அட்டை சத்தத்த நிப்பாட்டாதுன்னு அன்னைக்கே தெரியும், இன்னைக்கும் தெரியும்," என்றார் ஷபீர்.

"இருக்கட்டும்லா. ஒரு செவுரு மட்டும். எனக்குப் பாக்கணும் போல இருக்கு."

ஒட்டி முடித்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். சாம்பல் நிற அட்டைகளின் வாசனை வந்ததும் கண் கலங்கிவிட்டது. ஷபீர் பார்க்காத மாதிரி ஸ்பிரிட் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தார்.*

* இந்த இடத்தில் நான் இல்லை. பின்னால் ஷபீர் சொன்னார். கண் கலங்கியது ஸ்பிரிட் நெடியாலும் இருக்கலாம் என்று நியாயமாக ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்.

4

இனி அந்தக் கேள்வி. அதற்குக் கிள்ளானுக்குப் போக வேண்டும், தொண்ணூற்று ஐந்துக்கு.

நால்வர் இருந்தார்கள். கீபோர்டு வாசித்தது அமுதவள்ளி. மெஷினைக் கவனித்தது ஷபீர். தபேலாவுக்கு ஈப்போவிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஓர் அண்ணன். பாடியது, அவளுக்கு உஷாராணி என்று பெயர் வைக்கிறேன். சொந்தமாக நான்கு பாட்டு எழுதி ஒரு கேசட் போடுவது திட்டம். உள்ளூர்ப் பாட்டு, உள்ளூர்க் குரல், அட்டையில் நால்வரும் நிற்கும் படம். படம்கூட எடுத்தாயிற்று.

மின்விசிறி போட்டால் சத்தம், ஏர்கோன் போட்டால் சத்தம். ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டையும் நிறுத்திவிட்டு, வியர்த்துக் கொட்டிக்கொண்டு பாட வேண்டும். துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போனால் காத்திருக்க வேண்டும். பாங்கு சொன்னால் காத்திருக்க வேண்டும். முடிந்ததும் கோயில் மணி அடிக்கும். அதற்கும் காத்திருக்க வேண்டும். இடையில் கிடைக்கும் ஆறேழு நிமிட அமைதிக்குள் பாட்டை முடித்தாக வேண்டும். அந்த ஆறேழு நிமிடங்களைப் போன்ற சந்தோஷம் பிறகு எங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. கல்யாணம், பிள்ளை, வீடு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

(எங்கள் என்று எழுதிவிட்டேன். அவர்கள் என்று இருக்க வேண்டும். திருத்த மனமில்லை, இருக்கட்டும்.)

மெஷினில் எட்டு ட்ராக்தான். ஒன்பதாவதாக ஒரு யோசனை வந்தால் எட்டில் ஒன்று அழிந்தாக வேண்டும். கணினி மாதிரி பழசை ஓர் ஓரம் வைத்துவிட்டுப் புதுசைப் பதிய முடியாது. "அழிச்சிட்டுப் பாடு" என்பதுதான் அந்த அறையில் அதிகம் கேட்ட வாக்கியம். குரல் ஏழாவது ட்ராக்கில் இருந்தது. நான்கு பாட்டில் ஒன்றுக்குத்தான் குரல் பதிந்து முடிந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, பொது விடுமுறை. ஷபீர் ஜும்ஆ தொழுகைக்குப் போனபோது மெஷினை வள்ளியிடம் விட்டுவிட்டுப் போனார். வள்ளி ஆறாவது ட்ராக்கில் கீபோர்டு பதிந்தாள். மறுநாள் போட்டுக் கேட்டால் கீபோர்டு இருந்தது, தபேலா இருந்தது, குரல் இல்லை. ஏழாவது ட்ராக் முதலிலிருந்து கடைசிவரை ஊமை.

யாரும் யாரையும் திட்டவில்லை. ஷபீர் மெஷினைப் பார்த்தார். வள்ளி தன் விரலைப் பார்த்தாள்.

"நான்தான் ஆறோட சேத்து ஏழையும் அமுக்கிட்டேன் போலருக்கு," என்றாள். அழுகை வந்துவிட்டது.

உஷாராணி அவள் தோளைத் தொட்டு, "விடு டீ, அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாடிட்றேன்," என்றாள்.

அடுத்த ஞாயிறு மெஷினே இல்லை. அது இரவல் மெஷின்; அதன் சொந்தக்காரர் ஜொகூரில் யாருக்கோ விற்றுவிட்டார். பிறகு தபேலா அண்ணன் ஊர் திரும்பினார், வள்ளிக்குக் கல்யாணம், உஷாராணிக்குக் கல்யாணம். எட்டு வருடங்களுக்கு முன் உஷாராணிக்குக் கழுத்தில் தைராய்டு அறுவை நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் குரல் நரம்பு போய்விட்டது. இப்போது அவள் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்.*

* மேடைக் கச்சேரி வீடியோ இருக்குமே என்று கேட்பீர்கள். இரண்டு இருந்தன. பாட்டைவிட நாற்காலி இழுக்கும் சத்தம்தான் அதிகம். அவையும் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயின. உஷாராணியின் மகள் தன் அம்மா பாடி ஒருநாளும் கேட்டதில்லை.

டேப் மட்டும் வள்ளியிடம் இருந்தது. வங்கிக் கோப்புகளுக்கு நடுவில், மூன்று வீடு மாறியும் கூடவே வந்தது. அவள் கேள்வி இதுதான்: அன்றைக்கு நான் உண்மையிலேயே அழித்தேனா? இல்லை, அந்த மெஷினின் ஹெட்டில் அழுக்கு ஏறி, ஏழாவது மட்டும் கேட்காமல் போயிற்றா? அப்படியும் நடக்கும் என்று ஷபீர் ஒருமுறை ஆறுதலுக்குச் சொல்லி வைத்தார். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு முப்பது வருடம் ஓட்டியவள், இப்போது சுத்தமான ஹெட் உள்ள மெஷின் வாங்கிவிட்டாள்.

5

உஷாராணி எனக்குச் சரியாக வரவில்லை. கதையில் அவள் நிற்கிறாள், தோளைத் தொடுகிறாள், "விடு டீ" என்கிறாள். மிகவும் நல்லவளாக இருக்கிறாள். இவ்வளவு நல்லவர்களை நான் நேரில் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரு குறை கொடுத்துப் பார்த்தேன். பிடிவாதக்காரி, சுருதி அரை இழை இறங்கினாலும் சோறு இறங்காதவள் என்று எழுதினேன். கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு அந்த வெள்ளிக்கிழமை மதியம், வள்ளி கடையில் தே தாரிக் தேநீர் வாங்கக் கீழே போன இருபது நிமிடம் அவள் எங்கே இருந்தாள் என்று எழுதத் தொடங்கினேன். உஷாராணி தனியாக அறையில்

(இந்த வாக்கியம் மூன்று வாரமாக இப்படியே நிற்கிறது.)

6

டேப் ஈரம் குடித்திருந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் முப்பது வருடம் இருந்தால் டேப்பின் மேல்பூச்சு பிசினாகிவிடும்; அப்படியே ஓட்டினால் ஒலி தாங்கிய தூள் மொத்தமும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதற்கு ஒரே வழி, இளஞ்சூட்டில் வாட்டுவது. வள்ளி பழம் காயவைக்கும் மின்பெட்டி ஒன்று வாங்கினாள். முதலில் மாங்காய்த் துண்டு போட்டுச் சோதித்தாள். பிறகு ஒன்றுக்கும் உதவாத பழைய டேப். மூன்றாவதாகத்தான் இந்த டேப். காலை எட்டு மணிக்கு வைத்து மாலை நான்குவரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு மணிக்கு ஒருதரம் திருப்பிப்போட்டாள். பசியாறக்கூட எழுந்திருக்கவில்லை.

"இந்தா பாரு வள்ளி," என்றார் ஷபீர். "சுட்டாச்சு. ஆனா ஒரு மாசந்தான். அப்புறம் மறுபடி ஈரம் குடிச்சிரும். இப்பவே ஓட்டிப் பாத்துருவோம்?"

"அவ வரட்டும்."

"அவ வராட்டி?"

"வருவா. அவ இல்லாம நான் ப்ளே அமுக்க மாட்டேன். என் தப்பா இல்லையான்னு அவ முன்னாடிதான் எனக்குத் தெரியணும்."

உஷாராணிக்குச் செய்தி போயிற்று. முதல் வாரம் அவளுக்குக் காய்ச்சல். இரண்டாம் வாரம் பங்சாரில் ஒரு வளைகாப்பு. மூன்றாம் வாரம் கார் பட்டறையில். நான்காவது வாரத்தின் நடுவில் ஷபீர் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"வள்ளிகிட்ட இன்னும் சொல்லல. ஏழுல ஒண்ணும் இல்லாட்டியும் மனச விட்றாதீங்க. தபேலா பதிஞ்சப்போ நீங்க அதே ரூம்ல வழிகாட்டிக் குரல் பாடுனீங்கல்ல? சின்ன ரூம்புதான? தபேலா மைக்ல உங்க குரல் கொஞ்சம் ஒழுகியிருக்கும். ஒண்ணாவது ட்ராக். அப்பல்லாம் அதை ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப கம்ப்யூட்டர்ல தபேலாவத் தனியா, குரலத் தனியாப் பிரிக்கலாம். வந்துருங்க, சீதா."

7

ஆமாம், சீதா என்றார். உஷாராணி என்று யாரும் இல்லை. அது நான்தான். முழுப்பெயர் சீதாலெட்சுமி. பேசினால் கேட்காது என்பதால் எட்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நின்றுபோன வாக்கியத்தை இப்போது முடிக்கிறேன்.

உஷாராணி தனியாக அறையில் இருந்தாள். வள்ளி தே தாரிக் வாங்கப் போகும்போது, "நல்லாத்தான் டீ இருக்கு, இதையே வெச்சுக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அது நல்லாயில்லை. கடைசிச் சரணத்தில் என் குரல் மேலே போன இடத்தில் சுருதி இறங்கியிருந்தது. மற்ற யாருக்கும் தெரியாத அளவுக்குத்தான். இவர்கள் இதையே கேசட்டில் போட்டுவிடுவார்களே என்று பயம். இருந்தால்தானே போடுவார்கள்? ஏழாவது ட்ராக்கின் பொத்தானை அமுக்கி, டேப்பை முதலுக்கு ஓட்டி, ரெக்கார்டு போட்டேன். மைக் எதுவும் மாட்டவில்லை. நாலரை நிமிடம் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன்.

ஷபீர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்: அழிச்சிட்டுப் பாடு. நான் அழித்தேன். பாடுவதற்குத்தான் நாள் வரவில்லை.

மறுநாள் வள்ளி தன் விரலைப் பார்த்து அழுதபோது சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் பாடிவிட்டு, எல்லோரும் சிரிக்கும்போது சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஞாயிறு வரவேயில்லை. அப்புறம் ஒரு வருடம், பத்து வருடம் போயிற்று. என் அறுவைக்குப் பிறகு மருத்துவமனையில் வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மட்டும் அன்னைக்கு அழிக்காம இருந்தா ஒம் மக கேக்கவாச்சும் ஒரு பாட்டு இருந்திருக்கும்," என்றாள். தொண்டையில் கட்டு. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இதுதான் இரண்டாவது பொய். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் முப்பது வருடம் சொன்ன பொய்.

8

முடிவுகள். மீபுனைவு எழுதுகிறவர்கள் இரண்டு மூன்று முடிவுகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். எனக்கு அந்த வசதி பிடிக்கும். செய்து பார்க்கிறேன்.

முதல் முடிவு: சீதா போகவில்லை. ஒரு மாதம் ஆகிறது, டேப் மறுபடி ஈரம் குடிக்கிறது, வள்ளிக்கு விடை தெரியாமலே போகிறது. ஆறுதல் பத்திரமாக இருக்கிறது. (இதைத்தான் மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்தேன், காய்ச்சல் என்றும் வளைகாப்பு என்றும்.)

இரண்டாவது: சீதா போகிறாள், வாயைத் திறக்காமல் உட்காருகிறாள். ஏழு ஊமை. அழித்தது தான்தான் என்று வள்ளிக்கு உறுதியாகிவிடுகிறது. சீதா அவள் தோளைத் தொட்டு "விடு டீ" என்கிறாள். (எழுதும்போதே கை கூசுகிறது.)

மூன்றாவது: ஒன்றாவது ட்ராக்கில் குரல் கிடைக்கிறது, எல்லோரும் அழுகிறார்கள், ஏழைப் பற்றி யாரும் பேசவேயில்லை. (வாசகருக்குப் பிடிக்கும். அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.)

9

இதைக் கொமூட்டர் ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிள்ளானில் ஏறினேன். டேப் சுட்டு இன்றோடு இருபத்தெட்டாம் நாள். ஷா ஆலம், சுபாங் ஜெயா எல்லாம் போயாயிற்று. எதிரில் ஒரு பெண் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு, தனக்கு மட்டும் கேட்கும் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு வருகிறாள்.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது இந்த மாதிரிக் கதைகளின் வழக்கம். நானும் விடுகிறேன். ஆனால் இதற்கு ஒரே ஒரு வாசகிதான். இவ்வளவு நேரம் "பாருங்கள்", "கேட்பீர்கள்" என்று மரியாதையாகச் சொன்னதெல்லாம் உன்னைத்தான், வள்ளி. கேஎல் சென்ட்ரலில் இறங்கியதும் இதை உனக்கு அனுப்பிவிடுவேன். நடந்து வர எனக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் நீ படித்துவிடுவாய்.

அழித்தது நீ இல்லை. உன் விரல் ஒரு தப்பும் செய்யவில்லை.

கோபப்படு. திட்டு. இனி முகத்தில் முழிக்காதே என்று எழுதி அனுப்பினாலும் சரி, அடுத்த ரயிலைப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் என்னை மேலே விட்டால், முதலில் ஏழைப் போடு. நாலரை நிமிடமும் ஓடட்டும். அங்கே ஒன்றும் இல்லை என்பதை நீயும் நானும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்புறம் ஒன்றாவது ட்ராக்கைப் போடு. அது நான் அக்கறையில்லாமல், தபேலா அண்ணனுக்கு வழி காட்டுவதற்காகச் சும்மா பாடியது. சுருதி கண்டபடி இருக்கும். நடுவில் நீ சிரித்தாய் என்று ஞாபகம். அது இருந்தால், என் மகளுக்கு அது போதும்.

உன் படிக்கட்டுக்குக் கீழே, பூக்கடை ஓரமாக நிற்பேன். நான் கூப்பிட்டால் மூன்றாம் மாடிக்குக் கேட்காது. நீதான் கூப்பிட வேண்டும்.